பதினோரு மீட்டருக்கு ஏற்ற துப்பாக்கி

அந்தக் கட்டத்தை இப்போதே நிரப்பிவிடாதீர்கள் தம்பி. பேனாவை மூடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் பட்டுவிட்டது, அதனால் சொல்கிறேன். 'கோரும் ஆயுதத்தின் வகை' என்று கேட்டிருக்கிறார்கள் இல்லையா, அதில் நீங்கள் 'துப்பாக்கி' என்று எழுதப் போகிறீர்கள். எழுதினால் இந்த ஆயுத உரிமப் பிரிவைப் பார்க்கிற தமயந்தி அம்மா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். துப்பாக்கி என்பது வகை இல்லை. கடைக்குப் போய் 'சாப்பாட்டுச் சாமான் கொடுங்கள்' என்று கேட்கிற மாதிரி அது. அந்த அம்மா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இப்போதுதான் போனார். இரண்டு மணிக்குத்தான் வருவார். நேரம் இருக்கிறது. நிதானமாக எழுதலாம்.

எதற்கு உங்களுக்கு? பன்றிக்கா? தென்னங்கன்றைத் தோண்டுகிறதா? அப்படியானால் உங்கள் விஷயம் எளிது. 'ஒற்றைக்குழல் துப்பாக்கி' என்று எழுதிவிடுங்கள். பன்றிக்கு அதற்குமேல் மரியாதை தேவையில்லை. கஷ்டம் எல்லாம் என்னை மாதிரி ஆட்களுக்குத்தான். எனக்கு ஆபத்து மனிதனிடமிருந்து.

என் பெயர் தனுஷ்கோடி. போடியில் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன், முப்பத்தொரு வருஷம். ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பதினான்கு ஏக்கர். மாமனார் வைத்தது. அங்கே அவர் காலத்திலிருந்து ஒருவன் சூப்பர்வைசராக இருந்தான், சுருளிவேல் என்று. இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் சாவி அவனிடம்தான். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சை ஏலக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். தோட்டத்துக்கே உயிர் அதுதான். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் மலையில் மரியாதை.

ஐந்துக்கு ஒன்று. இதுதான் கணக்கு. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. புத்தகத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆவணி மாதம் ஐந்நூறு கிலோ பச்சை உள்ளே போனது. நூறு வர வேண்டும். வந்தது எண்பத்து மூன்று. பதினேழு கிலோ எங்கே? நான் கேட்டேன். கேட்கக் கூடாதா? அவன் சொல்கிறான், "மழைக்காய் சார், தண்ணி கோத்திருக்கும், ஆறுக்கு ஒண்ணுதான் நிக்கும்" என்று. மழைக்காக வாய்ப்பாட்டை மாற்ற முடியுமா? ஆட்கள் எல்லாரும் காய் எடுத்துவிட்டுக் கூலிக்கு நிற்கிற நேரம். ஸ்டோர் வாசலிலேயே வைத்துச் சொன்னேன், இது திருட்டு, சாவியைக் கொடு என்று.

கொடுத்துவிட்டான். மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான். வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். இது முக்கியம், கேளுங்கள். நான் போலீஸில் கொடுத்த மனுவிலும் இதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

"களவாணின்னு சொன்ன வாயி, இல்லேன்னு எழுதிக் குடுக்கிற வரைக்கும் நான் விடமாட்டேன் சார்."

விடமாட்டேன். இதற்கு என்ன அர்த்தம்? மிரட்டல்தானே? முன்பகுதி எல்லாம் அலங்காரம். வினைச்சொல்லைப் பாருங்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு எதிரே வந்து நின்றான். எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, அதன் கூரைக் கம்பத்தை ஒட்டி. ஒன்றும் செய்யவில்லை. கத்தவில்லை, கல் எறியவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எட்டரைக்குப் போய்விடுவான். மறு ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். வாரநாளில் வர முடியாது, ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்தில் மூட்டை தூக்குகிறான். சூப்பர்வைசராக எந்தத் தோட்டத்திலும் எடுக்கவில்லை. திருட்டு என்று பெயர் வந்த ஆளிடம் ஸ்டோர் சாவியை யார் கொடுப்பார்கள்? அதற்கு நானா பொறுப்பு? மலையில் செய்தி தானாகவே பரவுகிறது.

மூன்று வருஷம் தம்பி. கிட்டத்தட்ட நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி அன்று ஞாயிறு வந்தபோது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

என் மனைவி இந்திராணி முதல் வாரமே சொன்னாள், ஒரு லெட்டர்தானே, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று. எப்படி எழுதுவது? மிரட்டலுக்குப் பயந்து எழுதினால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். தற்காப்புதான் ஒரே வழி என்று முடிவு செய்து ஆயுத உரிமத்துக்கு மனு போட்டேன்.

விசாரணைக்கு ஒரு எஸ்.ஐ. வந்தார். நல்ல பையன், என் மாணவனின் மாணவன். அக்கம்பக்கத்தில் கேட்டார், மனைவியிடம் கேட்டார். "அம்மா, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" இந்திராணி, "வீட்டுல பீரோ சாவியே வாரத்துக்கு ரெண்டு தடவை தொலையுது தம்பி, மத்தபடி எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றாள். இதை அவர் எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு சுருளிவேலைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? சாருக்குத் துப்பாக்கி கொடுங்கள், தனக்கு ஒன்றும் இல்லை, அந்த லெட்டரை மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றானாம். எஸ்.ஐ. என்னிடம் வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. துப்பாக்கிக்கே பயப்படாதவன் எவ்வளவு ஆபத்தானவன் என்று யோசித்துப் பாருங்கள். அதையே ஒரு துணைமனுவாக எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஆனது, உரிமம் வந்தது.

இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். உரிமம் வந்த மறுநாளே கடைக்குப் போய் எதையோ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். செருப்பு வாங்குவதற்கு இரண்டு கடை ஏறுகிறவன் பிஸ்டல் வாங்க அரைமணி நேரம் செலவழிப்பதில்லை. நான் அப்படி இல்லை. ஒரு நோட்டுப் போட்டேன்.

முதல் கேள்வி, ரிவால்வரா பிஸ்டலா. ரிவால்வரில் குண்டுகள் ஒரு உருளையில் சுற்றி இருக்கும், ஆறு. எளிமையானது, சிக்காது. ஆனால் தடிமன். பிஸ்டல் தட்டையானது. கைப்பிடிக்குள் மேகஸின் போகும், எட்டுக் குண்டு. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக வந்து உட்காரும், நீங்கள் திரும்ப விசையை இழுத்தால் போதும். ஆனால் முதல் குண்டு தானாக வராது. மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்த ஒரு இழுப்பால்தான் என் குடும்ப மரியாதையே போனது.

மதுரையில் ஒரு ஆயுதக் கடை. நடத்துகிறவர் சிக்கந்தர் பாய், எழுபது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். நானும் இந்திராணியும் போனோம். அவள் எதற்கு என்றால், மீனாட்சியம்மன் கோவில் பக்கம் ஜாக்கெட் துணி எடுக்க. பாய் மூன்று பிஸ்டல்களை ஒரு பச்சைத் துணியில் வைத்தார். நான் ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டேன். விசையின் இழுவிசை எவ்வளவு, நியூட்டனில் சொல்லுங்கள் என்றேன். அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கும் சார்" என்றார்.

எனக்கு இடது கை. இது யாருக்கும் தோன்றாத பிரச்சினை. இந்த உலகத்துப் பிஸ்டல்கள் எல்லாம் வலது கைக்காரனுக்காகச் செய்தவை. சேஃப்டியைத் தள்ளுகிற பொத்தான் வலது கட்டைவிரலுக்கு வாகாக இடப்பக்கம் இருக்கும். சுட்டதும் காலித் தோட்டாக் கூடு வலப்பக்கம் தெறிக்கும், அதாவது என் முகத்துக்குக் குறுக்கே. மூன்றிலும் அப்படியே. குறித்துக்கொண்டேன்.

பிறகு பாய் ஸ்லைடை இழுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தோள்பட்டை இறுக்கம், அப்போது பிசியோதெரபி போய்க்கொண்டிருந்தேன். பாதிவரை வந்தது. மறுபடி இழுத்தேன். பாதி. ஸ்பிரிங் தரம் சரியில்லை என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது இந்திராணி, "குடுங்க" என்று வாங்கினாள். ஒரே இழுப்பு. டக்கென்று ஒரு சத்தம். திரும்ப ஒரு இழுப்பு. பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நிமிஷத்திலிருந்து பாய் என்னைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். "அம்மாவுக்குக் கை நல்லா வருது" என்றார். மேகஸின் இப்படிப் போகும் அம்மா, சேஃப்டி இது அம்மா. உரிமம் யார் பெயரில்? என் பெயரில். கடைசியாகத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஆளு யாரு சார்? எவ்வளவு தூரத்துல நிப்பாரு?"

அது சரியான கேள்வி, தொழில்முறைக் கேள்வி. நான் நோட்டைத் திறந்து காட்டினேன். டீக்கடைக் கம்பத்திலிருந்து என் கேட் வரை நாடா வைத்து அளந்திருந்தேன். ஒரு புதன்கிழமை, அவன் இல்லாத நாளில். பதினோரு மீட்டர், இருபது சென்டிமீட்டர்.

"பதினோரு மீட்டர்தானே," என்றாள் இந்திராணி. "நடந்து போயி பேசிட்டு வந்துரலாம்."

பாய் சிரிக்கவில்லை. ஆனால் பிஸ்டல்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி உள்ளே வைக்க ஆரம்பித்தார். நான் இன்னும் முடிவு சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டவணை போட்டேன். பதினேழு தகுதிகள். எடை, தடிமன், விசை, இடதுகை வசதி, வெயிலில் பிடி வழுக்குமா, மழையில் துருப்பிடிக்குமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மதுரைக்கு இன்னும் மூன்று தடவை போனேன், கோயம்புத்தூரிலும் போய்ப் பார்த்தேன். எதுவும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒன்று முப்பத்து மூன்றரை வாங்கியது. கருணை மதிப்பெண் போட்டு விட்டிருக்கலாம், ஆனால் உயிர் விஷயத்தில் கருணை கூடாது. இந்திராணி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பாவம், உங்ககிட்ட படிச்ச புள்ளைக" என்றாள். இதற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கிடையில் வேட்டிப் பிரச்சினை வந்தது. ஓய்வு பெற்ற நாளோடு பேண்ட் போடுவதை விட்டுவிட்டேன். துப்பாக்கி செய்கிறவர்கள் எவனும் வேட்டி கட்டியதில்லை. உறை எல்லாம் இடுப்புப் பட்டியில் கோப்பதற்காகச் செய்தவை. வேட்டிக்குமேல் கட்டுகிற அகலப் பச்சை பெல்ட் இருக்கிறதே, அதன் பையில் வைத்தால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் பரிசோதிக்காமல் எதையும் நான் ஏற்பதில்லை. முப்பத்து மூன்றரை வாங்கிய அந்தப் பிஸ்டலின் எடை, குண்டோடு சேர்த்து, முக்கால் கிலோ சொச்சம். முக்கால் கிலோ துவரம்பருப்பை ஒரு பொட்டலமாக இறுக்கிக் கட்டி, பெல்ட் பையில் வைத்து ஒரு வாரம் நடமாடிப் பார்த்தேன். பேங்குக்கு, நூலகத்துக்கு, எல்லா இடத்துக்கும். இடப்பக்கம் வேட்டி இறங்குகிறது, ஆனால் சமாளிக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றுதான் உண்மையான பரிசோதனை. அவன் எதிரே நிற்கிறான். நான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அவனைப் பார்த்தபடி நிதானமாக இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனேன். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு. பொட்டலம் பையின் வாயில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். பெல்ட் பக்கிள் விட்டுக்கொடுத்தது. பருப்பு ரோட்டில் விழுந்து உருண்டது.

அவன் ஓடி வந்தான் தம்பி. அந்தப் பதினோரு மீட்டரையும் ஓடியே வந்தான். குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, என் கையில் கொடுத்தான். "பருப்பு சார், பாத்து" என்றான். பிறகு திரும்பிப்போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டான்.

நான்கு விநாடி. அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தகவல். நான்கே விநாடியில் அவனால் என்னை நெருங்க முடியும். பாதுகாப்புத் தேவை நான் நினைத்ததைவிட அதிகம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

இந்திராணி ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் மலைக்குப் போனாள். மழைக்காலம், மூன்றாம் தடவை காய் எடுக்கிற நேரம். அறுபது கிலோ பச்சைக்காயைத் தானே நிறுத்து, ஸ்டோருக்குள் தானே கொட்டி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உலர்ந்து முடிகிறவரை அங்கேயே இருந்தாள். யாரையும் உள்ளே விடவில்லை. உலர்ந்ததை நிறுத்தால் பத்துக் கிலோ. பன்னிரண்டு வரவேண்டும் என் கணக்குப்படி. ஆறுக்கு ஒன்று. அந்தச் சீட்டை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல ரெண்டு கிலோவை நான் திருடிட்டேனா?" என்று கேட்டாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. குறைந்தது முப்பது தடவை செய்ய வேண்டும், வெவ்வேறு ஈரப்பதத்தில். முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும் இது. அவன் திருடினான் என்பதற்கு எத்தனை சோதனை செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அது வேறு விஷயம். அவளுக்கு அறிவியல் முறை புரியாது.

தோட்டம் அவள் பெயரில் இருக்கிறது. அதனால் அவளே போய் அவனிடம் சாவியை நீட்டியிருக்கிறாள், திரும்ப வா என்று. வாங்க மறுத்துவிட்டான். எவ்வளவு திமிர் பாருங்கள். அம்மா சொல்வது போதாது, சார்தான் சொன்னார், சார்தான் எழுத வேண்டும் என்றானாம். முதுகில் மூட்டைத் தழும்போடு நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறான் என்று சொல்லிவிட்டு, இவள் அழுதாள். இவள் எதற்கு அழ வேண்டும்?

இன்னொன்று சொல்ல மறந்தேன். உரிமம் தமிழ்நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். தோட்டம் கேரளாவில். போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு அப்பால் பிஸ்டலைக் கொண்டுபோக வேறு அனுமதி வேண்டும். ஆகவே என் பிஸ்டல் காவல் காக்கக்கூடிய இடம் மொத்தத்தில் என் கேட்தான். இருந்தாலும் கேட் கேட்தானே.

இப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டு இருக்கும்போதே கெடு நெருங்கிவிட்டது. உரிமம் கொடுத்த நாளிலிருந்து இத்தனை காலத்துக்குள் ஆயுதத்தை வாங்கிக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நான் நீட்டிப்புக் கேட்டு எழுதினேன். தமயந்தி அம்மா என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு நாளாக வாங்கவே இல்லையே, அச்சுறுத்தல் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் அதன் காரணத்தை விளக்கமாக எழுதிக் கொண்டுவாருங்கள், எதிர்த்தரப்பையும் அதே நாளில் வரச்சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த நாள்தான் இன்றைக்கு.

காரணத்தை எப்படி எழுதுவது? நேற்றுச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். 'திருடியவனைக் கண்டுபிடித்தேன், அதனால் மிரட்டுகிறான்' என்று எழுதினால், திருட்டுக்குப் புகார் எங்கே, எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்பார்கள். இல்லை. மேலும் உண்மையிலேயே திருடியவன் மூன்று வருஷம் எதிரே வந்து நிற்க மாட்டான், ஊரைவிட்டுப் போயிருப்பான். தர்க்கம் இடிக்கிறது. அப்போது இந்திராணி, காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"திருடாதவனைத் திருடன்னு சொன்னாத்தானேங்க தீராத கோபம் வரும்? அதை எழுதுங்க. அப்பத்தான் நீட்டிப்புக் குடுப்பாங்க."

முப்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் தர்க்கரீதியாகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான் என்பேன். பளிச்சென்று புரிந்தது. அவன் எவ்வளவு நிரபராதியோ அவ்வளவு ஆபத்தானவன். வாதம் நிற்க வேண்டுமானால் அவனைக் கறையே இல்லாதவனாகக் காட்ட வேண்டும். உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாக வந்தது. அரைப்பக்கம்தான், ஆனால் அசைக்க முடியாத அரைப்பக்கம்.

இன்று காலை பத்தரைக்கு இங்கே கொடுத்தேன். அவனும் வந்திருந்தான், வேட்டி சட்டையெல்லாம் சலவையாக. தமயந்தி அம்மா தாளைப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனிடம் நீட்டி, படித்துப் பாருங்கள் என்றார். அவன் ஜன்னல் ஓரம் போய் நின்று படித்தான். திரும்பவும் முதலிலிருந்து படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் இல்லை, பத்தாவது வரை படித்தவன். எதற்கு இவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்தான். வியர்வை என்று நினைக்கிறேன். இங்கே மின்விசிறி சரியில்லை.

"இப்பவும் சாரை விடமாட்டேன்னு சொல்றீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"விட்டாச்சும்மா," என்றான்.

அவ்வளவுதான். அந்த அம்மா பேனாவை எடுத்து, 'அச்சுறுத்தல் தற்போது இல்லை' என்று கோப்பில் எழுதிவிட்டார். என் கண் முன்னால். நான் எழுந்து ஆட்சேபித்தேன். அச்சுறுத்தல் உண்டு என்பதை நிரூபிக்கக் கொடுத்த ஆவணத்தை வைத்தே அச்சுறுத்தல் இல்லை என்று எப்படி முடிவு செய்யலாம்? அதற்கு அவர், "சார், காரணத்தையும் நீங்கதான் எழுதினீங்க, அதைத் தீர்த்ததும் நீங்கதான்" என்கிறார். நீட்டிப்புக்குப் பரிந்துரை கிடையாது. மூன்று வருஷ உழைப்பு தம்பி. பதினேழு தகுதிகள். நான்கு தடவை மதுரை.

அவன் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளக் கேட்டான். எடுத்துவிட்டு ஒரிஜினலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று அந்த அம்மாவும் கொடுத்தனுப்பிவிட்டார். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாள் திரும்ப உள்ளே போவதற்கு முன்னால் என் கைக்கு வரவேண்டும். என் மனு, என் கையெழுத்து, கோப்பில் கோக்கிறவரை திருத்தம் செய்ய எனக்கு உரிமை உண்டு. ஒன்றிரண்டு சொல்லை அடித்தால் போதும். 'திருடவில்லை' என்பதை 'திருடவில்லை என்று கூறுகிறார்' என்று ஆக்கிவிட்டால், லெட்டர் லெட்டரே இல்லை. அவன் கோபமும் தீராது. அச்சுறுத்தல் தொடர்கிறது. நீட்டிப்பும் கேட்கலாம். பேனா வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு ஜெராக்ஸ் எடுக்க இவ்வளவு நேரமா?

இதோ வருகிறான். நீங்கள் பாட்டுக்குப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

என்னப்பா, அது என்ன கையில் ஒரு கட்டு? நாற்பது காப்பியா? எதற்கு நாற்பது?

ஓ. அன்றைக்கு ஸ்டோர் வாசலில் நின்றவர்கள் இருபத்தெட்டுப் பேரா. எண்ணி வைத்திருக்கிறாயா? மீதி? பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கா. சரி. ஒன்று உன் சம்பந்தி வீட்டுக்கா. சரி, சரி.

ஒரிஜினலை நானே உள்ளே கொடுத்துவிடுவதா? ஏன், நீ? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா. இன்றைக்கே மலை ஏற வேண்டுமா, இந்திராணி சாவியோடு ஸ்டோரில் காத்திருக்கிறாளா? அவள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்றுதானே சொன்னாள்? சரி, போ. போய்வா. கும்பிடெல்லாம் வேண்டாம். போ.

போய்விட்டான். பார்த்தீர்களா தம்பி, நாற்பது காப்பி எடுத்துவிட்டு ஒரிஜினலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போகிறான். இனி நான் இதைக் கிழித்தால்கூட ஒன்றும் ஆகாது. ஆனால் கோப்பில் இருக்கப்போவது இதுதான், அதிகாரி பார்க்கப்போவது இதைத்தான். திருத்தலாம். சட்டப்படி திருத்தலாம். அந்த அம்மாவும் வந்துவிட்டார், கை கழுவுகிறார். ஒரு நிமிஷம் இருக்கிறது. வாசிக்கிறேன், எங்கே கைவைக்கலாம் என்று நீங்களும் சொல்லுங்கள்.

'மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதம், எங்கள் தோட்டத்து ஸ்டோர் வாசலில், வேலையாட்கள் அனைவர் முன்னிலையிலும், திரு. சுருளிவேலைத் திருடன் என்று நான் சொன்னேன். அவர் திருடவில்லை. மழைக்காய் உலர்வதில் எடை குறையும் என்று அவர் சொன்னது சரி. அதைச் சோதித்துப் பார்க்காமல் நான் சொன்னது தவறு. இருபத்திரண்டு ஆண்டுகள் சாவியை வைத்திருந்து ஒரு காயைக்கூட எடுக்காத மனிதரை, அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதபடி செய்தவன் நான். ஆகவே என்மீது அவருக்குத் தீராத கோபம் இருப்பது நியாயமே.'

இதில் எதை அடிப்பது?

கூப்பிடுகிறார். வருகிறேன் அம்மா, ஒரு நிமிஷம்.

சொல்லுங்கள் தம்பி. மூன்று தடவை படித்துவிட்டேன். ஒரு சொல்கூடத் தப்பாக இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.